நடுவரும் கட்டும்: பாத்திரத் தொடராட்டங்களை நடத்தும் முறைகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

1. ஆட்டத்தின் இயல்பு

ஒரு மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்கின்றனர். அவருள் ஒருவர் நடுவர். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தராகத் தம்மைக் கருதிக்கொள்பவர். நடுவர் ஓர் உலகினைச் சொல்லால் விரிக்கிறார். தத்தம் மாந்தர் அவ்வுலகில் என் செய்வர் என்பதனை ஆடுவோர் கூறுகின்றனர். செயல் கைகூடுமோ கூடாதோ என்னும் ஐயம் நேர்ந்தவிடத்துப் பகடை உருட்டப்படுகிறது. விளைவினை நடுவர் உரைக்கிறார். வெற்றி தோல்வி என ஒரே நாளில் முடிந்துபோவதன்று இவ்வாட்டம். அதே மாந்தரும் அதே உலகும் நிலைத்திருக்க, வாரந்தோறும் கூடித் திங்கள் பலவும் ஆண்டு பலவும் ஆடுவதுண்டு. அங்ஙனம் தொடரும் நெடிய ஆட்டத்தை ஈண்டுத் தொடராட்டம் என வழங்குவோம்.

இவ்வகை ஆட்டங்களுள் முதன்முதல் அச்சேறி விற்பனைக்கு வந்தது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதாகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்ற, 1974-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து அது வெளிவந்தது. மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில் அடங்கியிருந்தன. முதற்கண் அச்சிடப்பட்டவை 1,000 படிகளே.

ஒரே விதிநூலைக் கைக்கொண்டு இரு நடுவர் நடத்தும் இரு தொடராட்டங்கள் ஒன்றற்கொன்று பெரிதும் வேறுபடுதலைக் காண்கிறோம். ஒன்றில் காடும் மலையும் திறந்து கிடக்க, ஆடுவோர் தாம் விரும்பிய திசையிற் செல்வர். மற்றொன்றில் நாவலின் இயல்களைப் போல நிகழ்ச்சிகள் வரிசைப்பட வந்து நிற்கும். இவ்வேறுபாட்டின் அடிப்படை யாது? ஒரு முறை சிறந்தது, மற்றது தாழ்ந்தது என்று கூறற்கு இடமுண்டா? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. முன்னையோர் பகுப்பு

தொடராட்டங்களை வகைப்படுத்த முயன்றோருள் குறிப்பிடத்தக்கவர் கிளென் பிளேக்கோ. ‘டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்’ என்னும் இதழில் 1980-ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை, ஆட்டங்களை நான்கு வகையாகப் பகுக்கிறது. தம் மாந்தரின் ஆற்றலைப் பெருக்குதலையே நாடுவது ஒன்று. மாந்தரின் உள்ளத்துட் புகுந்து நடித்தலை நாடுவது ஒன்று. போர்த்திறனை நாடுவது ஒன்று. கதை விளைதலை நாடுவது ஒன்று. மெய்யான தொடராட்டம் எதுவும் இந்நான்கனுள் ஒன்றாக மட்டும் அமையாது, நான்கும் வெவ்வேறு அளவிற் கலந்தே நிற்கும் என்பதும் அவர் கருத்து.

இப்பகுப்பு பயனுடையதே. ஆயின், இஃது ஆடுவோரின் விருப்பத்தைப் பகுக்கிறதேயன்றி நடுவரின் செயலைப் பகுத்திலது. கதையை விரும்பும் ஐவர்க்கு அக்கதையை எவ்வாற்றான் விளைவிப்பது என்னும் வினா விடையின்றியே நிற்கிறது.

இன்று ஆடுவோரிடைப் பெருவழக்காக உள்ளது பிறிதொரு பகுப்பு. நடுவர் வகுத்த ஒரே வழியிற் செல்லுதலை ‘இருப்புப்பாதை’ முறை என்றும், எத்திசையும் செல்ல விடுதலை ‘மணற்பெட்டி’ முறை என்றும் அவர் வழங்குவர். முன்னது இழிப்புரையாகவும் பின்னது புகழுரையாகவும் வழங்குதலே இப்பகுப்பின் குறையைக் காட்டும். உரிமையின் மிகுதி குறைவுகளை மட்டும் இஃது அளக்கிறது. எத்திசையும் செல்லலாம் என்று கூறிவிட்டு, எத்திசைச் சென்றாலும் தாம் எண்ணியதனையே எதிரில் நிறுத்தும் நடுவரை இவ்வளவுகோல் காட்டிக் கொடாது. ஆதலின் வேறோர் அளவுகோல் வேண்டும். நடுவர் எதனாற் கட்டுண்டவர், எப்பொழுது கட்டுண்டவர் என்பதே அவ்வளவுகோல் என்பது எம் துணிபு.

3. கட்டற்ற நடுவர்

நடுவர் என்னும் பதவி பிரசிய நாட்டுப் போராட்டத்தினின்று வந்தது. 1824-ஆம் ஆண்டு ரைஸ்விட்ஸ் என்னும் இளம் படைத்தலைவர் வெளியிட்ட போராட்ட விதிகளில், இரு தரப்பினரும் தம் கட்டளைகளை நடுவரிடம் அளிப்பர். நடுவர் பகடையாலும் அட்டவணையாலும் விளைவினைக் கணித்து, அவரவர் கண்ணுக்குப் புலப்படத்தக்கதனை மட்டும் அவரவர்க்கு உரைப்பார். கணக்கு மிக்கு ஆட்டம் மெலிந்தது. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்னும் படைத்தலைவர் அட்டவணைகளையும் பகடைகளையும் அகற்றி, நடுவரின் தீர்ப்பே போதும் என வாதிட்டு நூல் வெளியிட்டார். இவ்வாறு தோன்றியது கட்டற்ற நடுவர் முறை.

அம்முறை படைத்துறையில் நிலைபெற்றதன் காரணத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அங்கு நடுவரும் ஆடுவோரும் ஒரே தொழிலினர். குதிரைப்படை ஒரு நாழிகையில் எவ்வளவு தொலைவு செல்லும், ஒரு பாலத்தை எத்துணைப் பேர் காக்கலாம் என்பன அனைவரும் அறிந்தவை. பிழைபட்ட தீர்ப்பினை ஆட்டம் முடிந்தபின் எடுத்துக்காட்டி வினவ இயலும். எனவே விதிநூல் இல்லாதவிடத்தும் நடுவர்க்குக் கட்டு இருந்தது, தொழிலறிவே அக்கட்டு.

இம்மரபு கற்பனை உலகினுட் புகுந்தபொழுதுதான் இடர் தோன்றியது. 1969-இல் மின்னசோட்டா மாநிலத்து இரட்டை நகர்ப் பகுதியில் டேவிட் வெஸ்லி என்பார் ‘பிரவுன்ஸ்டைன்’ என்னும் ஆட்டத்தை நடத்தினார். நெப்போலியன் காலத்துக் கற்பனைப் பிரசிய ஊர் ஒன்றில் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பாத்திரம் அளிக்கப்பட்டது. ஆடுவோர் படைநடத்துதலை விடுத்துத் தமக்குள் சூழ்ச்சியும் உடன்பாடும் செய்யத் தொடங்கினர். ஆட்டம் குலைந்தது என்று வெஸ்லி எண்ணினார். ஆடியவரோ மீண்டும் வேண்டினர். அக்குழுவினைச் சார்ந்த ஆர்னசன் 1971-இல் ‘பிளாக்மூர்’ என்னும் கற்பனை நாட்டில் தம் தொடராட்டத்தைத் தொடங்கினார். அங்கு அரக்கரும் பறவைநாகங்களும் மந்திரமும் உண்டு. பறவைநாகத்தோடு பொருத பட்டறிவு மேசையில் அமர்ந்த எவர்க்கும் இல்லை. படைத்தலைவரைக் கட்டிய தொழிலறிவு இங்கு அற்றுப்போயிற்று. நடுவரின் சொல்லுக்கு மேல் வினவுதற்கு ஒன்றும் இல்லாத நிலை உண்டாயிற்று. பின்னர் எழுந்த நடத்தும் முறைகள் எல்லாம் இவ்வெற்றிடத்தை நிரப்ப எழுந்த வெவ்வேறு முயற்சிகளே எனக் கொள்ளுதல் பொருந்தும். அவற்றை நிலக்கட்டு, நிகழ்ச்சிக்கட்டு, நெறிக்கட்டு என மூன்றாக வகுக்கலாம்.

4. மூவகைக் கட்டு

இம்மூன்றனையும் விளக்குதற்குத் தொல்காப்பியர் கூறும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பாகுபாடு கைவிளக்காக உதவும். அமெரிக்க ஆட்டங்களுக்கும் தமிழ்ப் பொருளிலக்கணத்திற்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இன்று. ஒப்புநோக்குங் கருவியாகவே இஃது ஈண்டு எடுத்தாளப்படுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து வாழ்வனவும் வழங்குவனவும் கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். இவற்றுள் எதனை நடுவர் முன்னரே உறுதிசெய்து வைக்கிறார் என்று வினவின் கட்டின் வகை புலனாகும்.

நிலக்கட்டாவது, முதலும் கருவும் முன்னரே அமைய, உரி ஆடுவோர்பால் விடப்படுவது. கைகாக்ஸ் எழுதி 1980-ஆம் ஆண்டளவில் தொடக்கநிலைப் பெட்டியோடு வழங்கப்பட்ட ‘கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ இதற்குத் தக்க சான்று. எல்லைப்புறத்தில் ஒரு கோட்டை. அதற்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு. அதன் சரிவுகளில் பல குகைகள். குகைதோறும் வெவ்வேறு கொடுங்குலத்தார். எந்த அறையில் எத்தனை பேர், அவரிடம் உள்ள பொருள் யாது என்பன குறிக்கப்பட்டுள்ளன. கதை மட்டும் குறிக்கப்படவில்லை. ஒரு குலத்தை மற்றொரு குலத்தின்மேல் ஏவுவதோ, ஒவ்வொன்றாக அழிப்பதோ, அஞ்சித் திரும்புவதோ ஆடுவோரின் விருப்பம். 1981-இல் டேவிட் குக், டாம் மோல்ட்வே இருவரும் இயற்றிய ‘ஐல் ஆஃப் டிரெட்’ இந்நெறியைப் பெருநிலத்திற்கு விரித்தது. அறுகோணக் கட்டங்களால் ஆன தீவின் நிலப்படம் நடுவரிடம் முழுமையாக இருக்கும். ஆடுவோர் பெறும் படத்திலோ உள்நாடு வெறுமையாகக் கிடக்கும். அவ்வெறுமையை நிரப்புதலே ஆட்டம்.

பென் ராபின்ஸ் என்பார் தாம் நடத்திய ‘வெஸ்ட் மார்ச்சஸ்’ தொடராட்டத்தைப் பற்றி 2007-இல் எழுதிய விளக்கம் இம்முறையின் முதிர்ந்த நிலையைக் காட்டும். அங்கு நிலையான நாளும் இல்லை, நிலையான குழுவும் இல்லை, நடுவர் புனைந்த கதையும் இல்லை. எந்நாள் கூடுவது, எவ்விடம் செல்வது என்பதனை ஆடுவோரே உறுதி செய்தனர். ஊரிலிருந்து அகலுந்தோறும் இடர் மிகும் என்பது மட்டும் அனைவரும் அறிந்த நியதி.

இக்கட்டு இரக்கமற்றதாகவும் அமையும். 1975-இல் ஒரு போட்டியில் ஆடப்பெற்று 1978-இல் நூலாக வந்த கைகாக்ஸின் ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்பதில், ஒரு சுவரில் பச்சை நிறப் பேய்முகம் வாய் திறந்து நிற்கும். அவ்வாயினுட் புகுந்தவன் அக்கணமே இல்லையாவான். பகடைக்கு அங்கு இடமில்லை. கொடுமை என்பார் உளர். ஆயினும் அப்பொறி நடுவரின் சினத்தால் தோன்றியதன்று. ஆடுவோர் மேசைக்கு வருமுன்னரே அச்சில் இருந்தது. ஒரு கழியை முதலில் நீட்டிப் பார்த்தவன் பிழைத்தான். எச்சரிக்கைக்குப் பயன் உண்டு என்பதே அதன் நீதி.

நிகழ்ச்சிக்கட்டாவது, உரிப்பொருளை முன்னரே உறுதி செய்வது. 1984-இல் டிரேசி ஹிக்மனின் ‘டிராகன்ஸ் ஆஃப் டெஸ்பேர்’ நூலொடு தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ வரிசை இதன் தலையாய சான்று. ஆடுவோர்க்குரிய மாந்தர் பெயரும் பண்பும் பகையும் நட்பும் பெற்றே அளிக்கப்படுகின்றனர். அவ்வாண்டே மார்கரெட் வெய்ஸும் ஹிக்மனும் இணைந்து எழுதிய நாவலும் அம்மாந்தரின் கதையையே கூறிற்று. கதைக்கு இன்றியமையாத மாந்தர் இடையில் மாண்டால் கதை முறியுமன்றோ? ஆதலின் அவர்தம் இறப்பினை ஐயத்திற்கு இடமாக்கி, பின்னர் மீண்டுவர வழிவைக்குமாறு அந்நூல் நடுவர்க்கு அறிவுறுத்துகிறது. இம்முறையால் விளையும் நன்மை சிறிதன்று. பிரிவும் காட்டிக்கொடுத்தலும் மீட்சியும் உரிய இடத்தில் வந்து பொருந்துகின்றன. நிலக்கட்டில் பல மாலைகள் வெறும் வழிநடையாகக் கழிதலும் உண்டு; இங்கு அஃது இல்லை. மாந்தரின் இறப்புக்கு உரிய அச்சம் குறைதலே இதற்குக் கொடுக்கும் விலை.

இவ்விரண்டனுக்கும் இடைப்பட்டு நிற்பது 1983-இல் டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் இயற்றிய ‘ரேவன்லாஃப்ட்’. குருதியுண்ணும் கோமகன் ஒருவனின் கோட்டை அதன் களம். அவன் நாடுவது யாது, அவனை வெல்லும் படைக்கலம் எவ்விடத்துளது என்பன சீட்டுகளை எடுத்து உறுதி செய்யப்படும். சீட்டு எடுக்குமுன் நடுவரும் அறியார். எடுத்தபின் அவரும் மாற்றலாகாது. கதையின் சுவை முன்னரே அமைந்திருக்க, அதன் முடிச்சுகளைத் திருவுளச்சீட்டு கட்டிவிடுகிறது. இரு முறைகளையும் பகையாகக் கருதுவார்க்கு இந்நூல் தக்க மறுப்பாகும்.

நெறிக்கட்டாவது, நிலத்தையும் நிகழ்ச்சியையும் முன்னரே உறுதி செய்யாது, நடுவரின் நடத்தையை மட்டும் விதியாற் கட்டுவது. 2010-இல் வின்சென்ட் பேக்கர் இயற்றிய ‘அபொகலிப்ஸ் வேர்ல்ட்’ இதனை நிலைநிறுத்தியது. அழிந்துபட்ட உலகின் எச்சத்தில் நிகழும் அவ்வாட்டத்தில் நடுவர் பகடையே உருட்டுவதில்லை. ஆடுவோர் உருட்டும் இரு பகடைகளின் கூட்டுத்தொகை, உரிய எண் சேர, 10-உம் அதற்கு மேலும் ஆயின் எண்ணியது நிறைவேறும். 7 முதல் 9 வரை ஆயின் விலை கொடுத்து நிறைவேறும். 6-உம் அதற்குக் கீழும் ஆயின் நடுவர் தமக்கென வகுக்கப்பட்ட செயற்பட்டியலினின்று ஒன்றனை எடுத்து நிகழ்த்துவார். முதல் நாளில் உலகைப் பற்றிய வினாக்களை நடுவர் எழுப்ப, விடைகளை ஆடுவோரே அளிப்பர். ஆகவே கருப்பொருளும் பொதுவில் விளைகிறது. கதையை முன்கூட்டிப் புனைதல் நடுவர்க்கு விலக்கப்பட்டுள்ளது. நேர்மை வேண்டுவதனைக் கூறுதலும் அவர் கடமைகளுள் ஒன்றாக அந்நூலில் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. அட்டவணைகளை அகற்றிய வெர்டி டு வெர்னுவா தொழிலறிவை நம்பினார். பேக்கர் அத்தொழிலறிவின் இடத்தில் எழுதப்பட்ட நெறியை வைத்தார் எனலாம்.

5. இருவழி அரக்கன்

மேற்கூறிய அளவுகோலின் பயனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். ஆடுவோர் ஒரு கவர்வழியில் நிற்கின்றனர். இடப்பக்க வழியும் வலப்பக்க வழியும் காட்டினுட் செல்கின்றன. நடுவர் ஓர் அரக்கனைப் புனைந்து வைத்துள்ளார். அவர்கள் இடம் சென்றாலும் அரக்கன் எதிர்ப்படுவான். வலம் சென்றாலும் எதிர்ப்படுவான். இது முறையா?

நிகழ்ச்சிக்கட்டு என்று அனைவரும் அறிந்து அமர்ந்த மேசையாயின் இதில் தவறில்லை. அரக்கனைச் சந்தித்தல் கதையின் ஓர் உறுப்பு. வழி தேர்தல் அங்கு ஓர் அணியளவே. நெறிக்கட்டு மேசையிலும், பகடை தவறியபின் இடர் ஒன்று தோன்றுதல் இயல்பே. ஆயின் நிலக்கட்டு என்று அறிவித்து அமர்த்திய மேசையில் இதுவே வஞ்சனையாகிறது. அங்கு ஆடுவோர் தடம் நோக்கியும், ஊராரை வினவியும், உணவைக் கணக்கிட்டும் ஒரு வழியைத் தேர்ந்தனர். அவ்வுழைப்பு முழுதும் பயனற்றதென நடுவர் ஒருவரே அறிவார். எனவே குற்றம் அரக்கனிடத்தும் இல்லை, முறையினிடத்தும் இல்லை. ஒரு கட்டினைச் சொல்லி வேறொரு கட்டில் நடத்துதலே குற்றம். இதனை முறைமயக்கம் எனப் பெயரிடலாம்.

‘ஆடுவோர் அறியார் எனின் அவர்க்கு இழப்பு யாது? கதை சொல்வோனும் கேட்போனிடம் பலவற்றை மறைக்கின்றானன்றோ?’ என்பது இதற்கு எழுப்பப்படும் தடை. கேட்போன் கதைக்குள் தேர்வு எதனையும் செய்திலன். ஆதலின் அவனிடமிருந்து கவர்தற்கு ஒன்றும் இல்லை. ஆடுவோன் தேர்ந்துள்ளான். அவன் தேர்வு உலகினை மாற்றும் என்னும் நம்பிக்கையே இக்கலையை நாவலினின்றும் நாடகத்தினின்றும் பிரித்து நிறுத்துவது. அதனைக் கவர்ந்தபின் எஞ்சுவது, ஒருவர் சொல்லப் பலர் கேட்கும் நடுத்தரக் கதையொன்றே. அன்றியும், ஆண்டுக்கணக்கில் நிகழும் தொடராட்டத்தில் மறைப்பு நெடுநாள் நில்லாது. எத்திசை சென்றும் இடரின் அளவு ஒன்றாகவே இருத்தலை ஆடுவோர் உணர்வர். உணர்ந்தபின் வழி தேர்தலில் அவர் மனம் செல்லாது.

6. தட்டி மறைவிற் பகடை

நடுவர் தம்முன் ஒரு தட்டியை நிறுத்தி அதன் மறைவிற் பகடை உருட்டுதல் பலவிடத்தும் வழக்கு. உருண்ட எண்ணை மாற்றிக் கூறலாமா என்பது நெடுநாளைய வாதம். மாற்றலாம் என்போர் கைகாக்ஸையே சான்று காட்டுவர். 1979-ஆம் ஆண்டின் ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு’ நூலில், பகடையை மேற்கொள்ளும் உரிமை நடுவர்க்கு எக்காலத்தும் உண்டு என அவர் கூறியிருத்தல் மெய்யே. ஆயின் அப்பகுதியை முழுதும் நோக்குதல் வேண்டும். ஆடுவோன் செய்யத்தக்கன யாவும் செய்தும், தீய எண் ஒன்றால் மட்டும் அவன் மாந்தர் மாள நேரின், உயிரைக் காத்து உறுப்பிழப்போ உணர்விழப்போ அளிக்கலாம் என்பது அவர் கருத்து. மடமையாலோ எச்சரிக்கையின்மையாலோ நேர்ந்ததாயின் பகடை வீழ்ந்தவாறே நிற்கட்டும் என்பதும் அவ்விடத்தே கூறப்பட்டுள்ளது. எனவே அவர் அளித்தது வரையற்ற உரிமமன்று. ஆடுவோனின் தேர்வே அங்கும் தீர்ப்பின் அளவை. உயிர் பிழைத்தவிடத்தும் விலை நீங்கவில்லை. 

இரக்கத்தால் எண்ணை மாற்றும் நடுவர் நன்மையே செய்கிறார் என்று எண்ணுதல் இயல்பு. அவ்விரக்கம் முந்தைய நாட்களையும் தாக்கும் என்பதனை அவர் எண்ணுவதில்லை. மாந்தர் ஒருவன் பாலத்தின்மேல் தனித்து நின்று தோழரைக் காத்த அந்நாள் அவ்வைவர்க்கும் பல்லாண்டு நினைவில் நிற்பது. அன்றும் எண் மாற்றப்பட்டதோ என்னும் ஐயம் ஒருமுறை எழுமாயின், அந்நினைவு தன் பெருமையை இழக்கும். மாறாக, எவரெவர் மாந்தர் மாளார் என்பதனை முதல் நாளே உடன்பட்டு அமர்ந்த குழுவில் இவ்வையத்திற்கே இடமில்லை. டிராகன்லான்ஸின் விதி அச்சிட்ட விதியாக இருத்தலின் அதனை முன்னரே ஏற்கவும் மறுக்கவும் இயலும். தட்டிக்குப் பின் பிறந்த விதியை ஏற்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது.

7. முடிபு

தொடராட்டம் நடத்தும் முறைகளை உரிமையின் அளவால் உயர்வு தாழ்வு கூறுதல் பொருந்தாது. நிலக்கட்டு தேர்வுக்கு எடை தருகிறது; நிகழ்ச்சிக்கட்டு உணர்வுக்கு ஒழுங்கு தருகிறது; நெறிக்கட்டு இரண்டனையும் பொதுவில் விளைவிக்க முயல்கிறது. மூன்றனுள் எதுவும் தன்னளவில் இழிந்ததன்று. ஒரே தொடராட்டம் ஒரு பருவத்தில் ஒன்றினின்று மற்றொன்றிற்கு மாறுதலும் ஆகும். அம்மாற்றத்தை மேசையில் உள்ளோர் அறிந்திருத்தல் ஒன்றே வேண்டப்படுவது.

படைத்துறையில் நடுவரைத் தொழிலறிவு கட்டியது. கற்பனை உலகில் அவரைக் கட்டுதற்கு அவர் முன்னரே எழுதி வைத்த நிலமோ, அனைவரும் அறிந்த நிகழ்ச்சியோ, ஒப்புக்கொண்ட நெறியோ உளதாதல் வேண்டும். தாம் எதனாற் கட்டுண்டவர் என்பதனை முதல் நாளில் கூறி, இறுதி நாள்வரை அதனைக் காக்கும் நடுவரே நல்ல நடுவர் என்பதும், அவர் கட்டுண்ட அளவிலேயே ஆடுவோரின் தேர்வு பொருளுடையதாகும் என்பதும் இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் முடிபுகளாம்.